படியும் நிறையும்

சேலம், நாமக்கல் சமவெளியில் நம் பாட்டிமார் ஊறுகாய்ப் பக்குவத்தைப் படியாலும் ஆழாக்காலும் உரைத்தனர். எட்டு ஆழாக்கு ஒரு படி. 1956ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒட்டி 1958 முதல் மெட்ரிக் எடைகள் புகுத்தப்பட்டன. அன்று தொட்டுப் பழம் பக்குவங்களை எடைக்கு மாற்ற முனைவோர் இடர்ப்படுகின்றனர். படி கொள்ளளவைக் கூறுமேயன்றி நிறையைக் கூறாது.

நெல்லிக்காயை எடுத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் படியில் முழுக்காய்களை நிரப்பி, விளிம்புமட்டும் நீர் வார்த்து, அந்நீரை வடித்தளந்தால் ஏறக்குறைய 400 மில்லிலிட்டர் இருக்கும். அத்தனையும் வெற்றிடமே. ஆகவே காயின் எடை 600 கிராமை ஒட்டியே நிற்கும். சேலத்து மல்கோவாவை முழுதாகப் படியிலிட்டு அளப்பார் எவருமிலர். அதனைத் துண்டமாக்கினால் இடைவெளி சுருங்கும். கூழாக்கினாலோ அறவே நீங்கி, லிட்டர் ஒரு கிலோவைச் சற்று விஞ்சும்.

சர்க்கரை லிட்டருக்கு 850 கிராம் அளவே நிறுக்கும். கூழுக்குச் சம எடை சர்க்கரை என்னும் ஜாம் விதியைச் சம படி எனக் கொண்டால், ஐந்தில் ஒரு பங்கு சர்க்கரை குறைந்துபோம். ஜாம் இறுகாது, விரைவில் பூசணமும் பற்றும். உப்பின் செய்தி இதற்கு நேர்மாறு. கல்லுப்புக்குரிய ஆழாக்கில் தூளுப்பை அளந்திட்டால் எடை மிகுந்து, ஊறுகாய் வாயில் வைக்கவொண்ணாது.

பழைய படிகள் ஊருக்கு ஊர் வேறுபட்டன. ஆதலின், வீட்டிலுள்ள படியில் நீர் நிரப்பி அந்நீரை நிறுத்துப் பார்க்க வேண்டும். நீரின் எடை இத்தனை கிராம் எனின் படியின் கொள்ளளவு அத்தனை மில்லிலிட்டர். தலைதட்டி அளந்தனரா, கும்பமாக அளந்தனரா என்பதைத் தராசு சொல்லாது. அதனை மூத்தோரிடம், அவர்கள் இருக்கும்போதே, கேட்டுக் குறித்துக்கொள்ளுதல் வேண்டும்.