தவணை கட்ட முடியாவிட்டால், கடன் தந்தவரிடம் நாமே முதலில் போவோம்

ஒழுங்கை முனையில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் தாய் பின்வளவுக்குள் போய்விடுகிறார். "அம்மா வீட்டில் இல்லை" என்று பிள்ளை சொல்கிறது. தவணைப் பணம் அறவிட வந்தவர், அடுத்த கிழமை வருவதாகச் சொல்லிவிட்டுப் போகிறார். அடுத்த கிழமை தவணை இரண்டாகிறது. அதற்கடுத்த கிழமை வேறொரு நிறுவனத்திடம் கடன் எடுத்து இந்தக் கடன் கட்டப்படுகிறது. எமது கிராமங்களில் இது புதிய கதை அல்ல.

இடம்பெயர்ந்து திரும்பிய கமக்காரக் குடும்பம் ஆடம்பரத்துக்காகக் கடன்படவில்லை. 2009இல் போர் முடிந்தபின் ஊர் திரும்பியவர்களைத் தூர்ந்த கிணறும் பற்றைக் காடான வயலுமே வரவேற்றன. மாடும் இல்லை, மண்வெட்டியும் இல்லை. வங்கி காணி உறுதியையும் பிணையாளிகளையும் கேட்டது. உறுதியோ இடப்பெயர்வில் தொலைந்து போயிருந்தது. அந்த நேரத்தில் குத்தகைக் கடன் நிறுவனங்களும் நுண்கடன் நிறுவனங்களும் வீட்டு வாசலுக்கே வந்து பணம் தந்தன. வாங்கினோம். விதைத்தோம். மழை பொய்த்த ஆண்டும் வெள்ளம் வந்த ஆண்டும் உண்டு. 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது விளைச்சல் விழுந்தது. தவணை மட்டும் நாள் தவறாமல் வந்தது.

ஆகவே கடன் கட்ட முடியாமற் போவது குற்றமல்ல. ஒளித்திருப்பதுதான் ஆபத்து. கடன் தந்தவரைக் கண்டு பேசினால் என்ன கேட்கலாம், எப்படிக் கேட்கலாம், அவர் மறுத்தால் எங்கே போகலாம் என்பதை இங்கே பார்ப்போம்.

இரண்டாவது கடனே பொறி

பெரும்பாலான குடும்பங்களை விழுத்துவது முதற் கடன் அல்ல. முதற் கடனைக் கட்ட எடுத்த இரண்டாவது, மூன்றாவது கடன்களே. 2018 செப்டெம்பரில் இலங்கைக்கு வந்த ஐக்கிய நாடுகளின் சுயாதீன நிபுணர் யுவான் பாப்லோ பொஹொஸ்லவ்ஸ்கி, நுண்கடனால் பெண்கள் படும் துன்பத்தையும் அறவிடுவோரின் தொந்தரவையும் பகிரங்கமாக எடுத்துக் கூறினார். அதே ஆண்டில், வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்ற சிறிய நுண்கடன்களுக்கு அரசாங்கம் நிவாரணம் அறிவித்தது. 2021இல் பொலன்னறுவை மாவட்டத்தின் ஹிங்குராக்கொடையில் சிங்களப் பெண்கள் இதே பிரச்சினைக்காகப் பல வாரங்கள் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். இந்தச் சுமை எமக்கு மட்டும் உரியதல்ல.

முதலில் வட்டியை விளங்கிக்கொள்ளுங்கள்

"ஆண்டுக்கு 24 வீதம்தான்" என்று சொல்லி 50,000 ரூபா தருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வட்டி 12,000. மொத்தம் 62,000. அதைப் பன்னிரண்டு மாதத் தவணைகளாகப் பிரித்தால் மாதம் 5,167 ரூபா வரும். கணக்குச் சரிபோலத் தோன்றும். ஆனால் மாதம்தோறும் முதலில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே வருகிறீர்கள். ஆறாம் மாதத்தில் ஏறக்குறைய பாதிப் பணமே உங்களிடம் இருக்கிறது. வட்டியோ முழு 50,000 ரூபாவுக்கும் அறவிடப்படுகிறது. குறைந்து செல்லும் மீதிக்குக் கணக்குப் பார்த்தால் இது ஆண்டுக்குச் சுமார் 42 வீத வட்டியாகும். கடன் எடுக்கும்போதும் கடனை மாற்றி எழுதும்போதும் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: "வட்டி முழுத் தொகைக்கா, மீதித் தொகைக்கா?"

போவதற்கு முன் வீட்டில் செய்ய வேண்டியவை

ஒரு கொப்பித் தாளில் எல்லாக் கடன்களையும் எழுதுங்கள். யாரிடம் வாங்கியது, எவ்வளவு வாங்கியது, எவ்வளவு கட்டியாயிற்று, மீதி எவ்வளவு, பிணை என்ன என்று ஐந்து நிரல்கள் போதும். கணவனும் மனைவியும் சேர்ந்து எழுதுங்கள். ஒருவருக்குத் தெரியாமல் மற்றவர் வாங்கிய கடன் இருந்தால் அதையும் இன்றே சொல்லிவிடுவது நல்லது.

அடுத்து, குடும்ப வருமானத்திலிருந்து சாப்பாடு, மருந்து, பிள்ளைகளின் படிப்பு, அடுத்த போகத்துக்கான விதைநெல் ஆகியவற்றைக் கழியுங்கள். மிஞ்சுவதே நீங்கள் கட்டக்கூடிய தொகை. விதைநெல்லை விற்றுத் தவணை கட்டுபவர் அடுத்த போகத்தின் தவணைகளையும் இழக்கிறார்.

பணம் எல்லாக் கடனுக்கும் போதாவிட்டால், உழைப்புக்கு உதவும் பொருள் எந்தக் கடனுக்குப் பிணையாக நிற்கிறதோ அதை முதலில் கவனியுங்கள். லான்ட்மாஸ்டர் பறிபோனால் வயலும் தரிசாகும்.

என்ன கேட்கலாம்?

தவணை தவறுவதற்கு முன்னரே கிளை முகாமையாளரிடம் போக வேண்டும். அறவிட வருபவருக்குத் தவணையை மாற்றும் அதிகாரம் பெரும்பாலும் இல்லை. தவணை தவறாதவர் வந்து கேட்கும்போது முகாமையாளர் காது கொடுப்பார். மூன்று மாதம் ஒளித்திருந்தவர் வந்து கேட்டால் சந்தேகமே முந்தும். கேட்கக்கூடியவை இவை:

1. அறுவடை வரை வட்டியை மட்டும் கட்ட அனுமதி.
2. மாதத் தவணையைப் போகத் தவணையாக மாற்றுதல். காலபோகக்காரருக்கு மாசி, பங்குனியில்தான் கையில் பணம் வரும்.
3. கடன் காலத்தை நீட்டித் தவணைத் தொகையைக் குறைத்தல்.
4. தண்ட வட்டியைத் தள்ளுபடி செய்தல். இதை நாம் கேட்காவிட்டால் ஒருவரும் தாமாகத் தரமாட்டார்கள்.

மூன்றாவது வழியில் ஒரு கணக்கு இருக்கிறது. மீதிக் கடன் 180,000 ரூபா, வட்டி மீதித் தொகைக்கு மாதம் 2 வீதம் என்று கொள்வோம். பன்னிரண்டு மாதத்தில் கட்டுவதாயின் மாதம் ஏறக்குறைய 17,000 ரூபா வேண்டும். இருபத்துநான்கு மாதமாக நீட்டினால் ஏறக்குறைய 9,500 ரூபா போதும். மூச்சுவிட இடம் கிடைக்கும். ஆனால் மொத்தத்தில் ஏறக்குறைய 24,000 ரூபா கூடுதலாகக் கட்ட நேரும். தேவையான அளவுக்கு மட்டும் நீட்டுங்கள். அறுவடை நன்றாக வந்தால் முற்கூட்டியே கட்டி முடிக்கலாமா, அதற்குத் தண்டம் உண்டா என்றும் அன்றே கேளுங்கள்.

பேச்சு நீளத் தேவையில்லை. "ஐயா, வெள்ளத்தில் இரண்டு ஏக்கர் அழிந்துவிட்டது. பங்குனி வரை மாதம் 3,600 ரூபா வட்டியைக் கட்டுகிறேன். அறுவடைக்குப் பிறகு முதலைக் கட்டத் தொடங்குகிறேன்" என்று தொகையும் மாதமும் சொல்லிக் கேளுங்கள். "கொஞ்சம் பொறுங்கோ" என்று மட்டும் சொன்னால் அவரால் மேலிடத்துக்கு ஒன்றும் எழுத முடியாது. பயிர் அழிவுக்குக் கமநல சேவை நிலையத்திலோ கிராம அலுவலரிடமோ கடிதம் பெற்றுக்கொண்டு போங்கள்.

எல்லாம் எழுத்தில் இருக்கட்டும்

வாய்ப்பேச்சில் கிடைத்த தவணைக்கு, முகாமையாளர் மாறிப் போனால் சாட்சி இல்லை. ஆகவே ஒரு கடிதம் கொடுங்கள்:

"எனது கடன் இலக்கம் ... . பயிர் அழிவினால் தற்போதைய தவணையைக் கட்ட இயலாதுள்ளது. ... மாதம் வரை மாதந்தோறும் ... ரூபா கட்டவும், அதன்பின் ... தவணைகளில் கடனைத் தீர்க்கவும் அனுமதிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். எனது கடன் கணக்கின் விபரத்தையும் தங்கள் பதிலையும் தமிழில் எழுத்தில் தந்துதவவும்."

ஒரு பிரதியில் திகதியுடன் பெற்றதற்கான ஒப்பம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கட்டும் ஒவ்வொரு ரூபாவுக்கும் பற்றுச்சீட்டு வாங்குங்கள். பிணை நின்றவர்களுக்கும் செய்தியைச் சொல்லுங்கள். அவர்கள் அதை அறவிடுபவரின் வாயால் அறிவது அழகல்ல. குழுக் கடனாயின் குழுவைக் கூட்டிப் பேசி, எல்லோருமாகப் போய்க் கேளுங்கள்.

வெற்றுத் தாளிலோ வெற்றுக் காசோலையிலோ ஒப்பமிட வேண்டாம். வங்கி அட்டையையும் அதன் இரகசிய இலக்கத்தையும் ஒருவரிடமும் ஒப்படைக்க வேண்டாம். பழைய கடனை மூடப் புதிய கடன் தருவதாகச் சொன்னால், மொத்தமாக எவ்வளவு கட்ட நேரும் என்று கணக்குப் பார்க்காமல் சம்மதிக்க வேண்டாம். நகை அடைவில் இருந்தால், ஏல நாளுக்கு முன் வட்டியைக் கட்டி அடைவைப் புதுப்பிக்க முடியுமா என்று விசாரியுங்கள்.

மறுத்தால் எங்கே போவது?

வங்கி, நிதிக் கம்பனி, அனுமதிபெற்ற நுண்கடன் நிறுவனம் ஆகியவை இலங்கை மத்திய வங்கியின் மேற்பார்வையில் உள்ளவை. முதலில் அந்த நிறுவனத்தின் தலைமை அலுவலகத்துக்கு முறைப்பாட்டை எழுதுங்கள். நியாயம் கிடைக்காவிட்டால், 2020இல் மத்திய வங்கி அமைத்த நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்கு எழுதலாம். அதன் தொலைபேசி இலக்கம் 1935. கடன் பெற்றவரை நியாயமாக நடத்த வேண்டும் என்பதற்கு 2023இல் வெளியான நிதியியல் நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளும் உள்ளன. அறவிட வருபவர் தூஷித்தாலோ பெண்களிடம் முறைகேடாக நடந்தாலோ, நாளையும் நேரத்தையும் எழுதி வைத்துப் பொலிசிலும் முறையிடுங்கள். கடன் இருப்பதால் மானம் அடைவு வைக்கப்பட்டதாகாது.

ஊரிலுள்ள வட்டிக்காரரிடம் வாங்கிய கடனுக்கு மத்திய வங்கி உதவாது. அங்கே மத்தியஸ்த சபையை நாடலாம். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த இச்சபையில் சட்டத்தரணி தேவையில்லை. இரு பகுதியினரும் இருந்து பேசி உடன்பட்டால் அந்த இணக்கம் எழுத்தில் பதியப்படும். காணியை ஈடு வைத்தோ, மீட்டுக்கொள்ளும் நிபந்தனையுடன் உறுதி எழுதிக் கொடுத்தோ பணம் வாங்கியவர்கள், 1941ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தின் கீழ் இயங்கும் கடன் இணக்கச் சபையிடம் விண்ணப்பிக்கலாம். ஆனால் மீட்புக் காலம் முடியும்வரை காத்திருக்க வேண்டாம். காலம் முடிந்தால் கதவும் மூடிவிடும்.

தனியே சுமக்க வேண்டாம்

கடன் பயத்தில் உயிரை மாய்த்துக்கொண்டவர்கள் எம்மிடையே உண்டு. அந்த வீடுகளில் கடனுடன் துயரமும் சேர்ந்ததே தவிர ஒன்றும் தீரவில்லை. அப்படியான எண்ணம் வந்தால் ஒருவரிடம் உடனே சொல்லுங்கள். 1926 என்ற இலக்கத்தில் தேசிய மனநல உதவிச் சேவையுடனும் பேசலாம். அயல் வீட்டில் ஒருவர் சில நாட்களாக வெளியே வராமல் இருந்தால் நாமே போய் விசாரிப்போம்.

மாதர் சங்கக் கூட்டத்திலும் கமக்காரர் அமைப்பிலும் இதை ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்டுக் கதையுங்கள். எழுதத் தெரிந்த பிள்ளைகள் எழுதத் தெரியாத பெரியவர்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுக்கட்டும். கிளைக்குத் தனியே போக ஒருவர் தயங்கினால் இன்னொருவர் துணையாகப் போகலாம்.

அடுத்த முறை ஒழுங்கை முனையில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்கும்போது, தாய் பின்வளவுக்குள் போகாமல் முகாமையாளர் ஒப்பமிட்ட கடிதத்துடன் படலையடியில் நிற்கட்டும். பிள்ளையும் பொய் சொல்லத் தேவையில்லை.