மூன்று முறை ‘புஸ்’

பழைய மாஸ்டா ஆர்எக்ஸ்-7 காரை வாங்க வரும் விவரமான ஆள் முதலில் பெயிண்டைத் தடவிப் பார்ப்பதில்லை. ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றச் சொல்வார். பெட்ரோல் வராதபடி ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு ஸ்டார்ட்டரைச் சுழற்றச் சொல்லிக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார். பிளக் இருந்த ஓட்டை வழியாக ‘புஸ், புஸ், புஸ்’ என்று ஒரே பலத்தில், ஒரே இடைவெளியில் காற்று சீறினால் முகம் மலரும். ஒரு ‘புஸ்’ மட்டும் ஓங்கி, மற்ற இரண்டும் சோர்ந்து வந்தால் எஞ்சினை இறக்கிப் பிரித்தாக வேண்டும். அதற்குப் பிறகு பேரமே வேறு.

அந்த மூன்று சீறல்களுக்கும் காரணம் எஞ்சினுக்குள் இருக்கும் மூன்று மூலைகள். ஆர்எக்ஸ்-7இல் பிஸ்டன் கிடையாது, வால்வு கிடையாது, கேம்ஷாஃப்ட் கிடையாது. நிலக்கடலை ஓடு போல நடுவில் லேசாக இடுப்பு ஒடுங்கிய ஓர் உலோகக் கூடு. அதற்குள் பக்கங்கள் சற்றே உப்பிய ஒரு முக்கோணம். ரோட்டர் எனப்படும் அந்த முக்கோணம் சுற்றிக்கொண்டே கூட்டின் சுவரை மூன்று மூலைகளாலும் வருடிச் செல்லும். ஒரு பக்கம் காற்றையும் பெட்ரோலையும் உள்ளே இழுக்கும்போது அடுத்த பக்கம் அழுத்தும், இன்னொரு பக்கம் எரிந்த புகையைத் தள்ளும். ரோட்டர் ஒரு சுற்று முடிப்பதற்குள் நடுவிலிருக்கும் தண்டு மூன்று சுற்று சுற்றிவிடும். ஆர்எக்ஸ்-7இன் 13பி எஞ்சினில் இப்படி இரண்டு ரோட்டர்கள். ஒவ்வொன்றுக்கும் 654 சிசி.

இந்த ஏற்பாட்டின் உயிர் மூலைகளில்தான் இருக்கிறது. ரோட்டரின் ஒவ்வொரு மூலையிலும் ஒரு பள்ளம். அதில் ஸ்பிரிங் தாங்க நிற்கும் ஒரு மெல்லிய உலோகப் பட்டை. பெயர் ஏபெக்ஸ் சீல். 1991இல் வந்த மூன்றாம் தலைமுறை ஆர்எக்ஸ்-7இல், அதாவது ரசிகர்கள் ‘எஃப்டி’ என்று அழைக்கும் காரில், அதன் தடிமன் 2 மில்லிமீட்டர். மீட்டரில் முள் 8,000 ஆர்பிஎம்மைத் தொடும்போது அந்தப் பட்டை மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டிய வேகத்தில் சுவரை உரசிக்கொண்டு ஓடுகிறது. அந்த நிலையிலும் ஒரு பக்கத்து அழுத்தம் மறுபக்கத்துக்குக் கசியாமல் அது காக்க வேண்டும். எஃப்டி காரைப் பராமரிப்பது என்றால், சுற்றி வளைத்து இந்தப் பட்டையைப் பராமரிப்பதுதான்.

சிக்கல் புதிதல்ல. ஜெர்மனியின் ஃபெலிக்ஸ் வாங்கெல் வகுத்த இந்த எஞ்சினைத் தயாரிக்க, என்எஸ்யு நிறுவனத்துடன் 1961இல் ஒப்பந்தம் போட்டது ஹிரோஷிமாவின் தோயோ கோக்யோ. பின்னாளில் மாஸ்டா என்று பெயர் மாற்றிக்கொண்ட அதே நிறுவனம். கெனிச்சி யமமோட்டோ தலைமையில் 47 பொறியாளர்கள் சோதனையில் இறங்கினார்கள். எஞ்சினைச் சில மணி நேரம் ஓட்டிவிட்டுப் பிரித்துப் பார்த்தால், கூட்டின் உட்சுவர் முழுக்க வரிவரியாகக் கீறல். அந்தத் தடங்களுக்குப் ‘பேயின் நகக் கீறல்’ என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

கரும்பலகையில் சாக்பீஸைச் சற்றே சாய்த்துப் பிடித்து வேகமாக இழுத்தால், நேர்கோட்டுக்குப் பதில் புள்ளிப் புள்ளியாக விழும். சாக்பீஸ் துள்ளித் துள்ளி ஓடுவதால் வரும் கோடு அது. ரோட்டர் எஞ்சினுக்குள் நடந்ததும் அதுதான். ஒவ்வொரு பொருளுக்கும் தனக்கென ஓர் அதிர்வெண் உண்டு. உரசலின் வேகம் அதோடு ஒத்துப்போனதும் சீல் துள்ள ஆரம்பித்தது. பட்டைக்குள் குறுக்கும் நெடுக்குமாகத் துளையிட்டு அதிர்வெண்ணை மாற்றியபோது கீறல்கள் அடங்கின. கடைசியில் கார்பனுக்குள் அலுமினியம் ஊறவைத்த சீலுடன், 1967 மே மாதம் காஸ்மோ ஸ்போர்ட் என்ற கார் விற்பனைக்கு வந்தது. இரண்டு ரோட்டர் எஞ்சினோடு தொழிற்சாலையில் வரிசையாகத் தயாரிக்கப்பட்ட முதல் கார் இது. ஆர்எக்ஸ்-7 பிறந்தது 1978இல். மூன்று தலைமுறை வளர்ந்து 2002இல் தயாரிப்பு நின்றது.

நின்ற பிறகுதான் மவுசு கூடியது. ‘இனிஷியல் டி’ என்ற ஜப்பானிய சித்திரக்கதையில் வரும் சகோதரர்களில் தம்பிக்கு மஞ்சள் எஃப்டி, அண்ணனுக்கு வெள்ளை நிற இரண்டாம் தலைமுறைக் கார். அதைப் படித்தும் பார்த்தும் வளர்ந்தவர்கள் இன்று சம்பாதிக்கிறார்கள். 25 வயது தாண்டிய வெளிநாட்டுக் கார்களை அமெரிக்கா கட்டுப்பாடு தளர்த்தி அனுமதிப்பதால், ஜப்பானில் ஓடிய எஃப்டிகள் கப்பலேறுகின்றன. வாங்கிய பிறகுதான் பாடம் தொடங்கும்.

முதல் பாடம் ஆயில். மற்ற கார்களில் ‘எஞ்சின் ஆயில் குடிக்குது’ என்றால் மெக்கானிக் முகம் சுளிப்பார். ஆர்எக்ஸ்-7 குடித்தே ஆக வேண்டும். ஏபெக்ஸ் சீலுக்கும் சுவருக்கும் நடுவே வழவழப்பு வேண்டும் என்பதற்காக, ஒரு சின்ன பம்ப் எஞ்சின் ஆயிலைக் கொஞ்சம் கொஞ்சமாக எரியும் அறைக்குள்ளேயே செலுத்துகிறது. அது பெட்ரோலோடு சேர்ந்து எரிந்து போகும். ஆகவே பெட்ரோல் நிரப்பும்போதெல்லாம் டிப்ஸ்டிக்கைத் துடைத்து அளவு பார்ப்பது இந்தக் கார்க்காரர்களின் வழக்கம். பல மாதம் ஓட்டியும் ஆயில் குறையவே இல்லை என்றால்தான் பயப்பட வேண்டும். பம்ப் செத்திருக்கலாம், சீல் வறண்டு உரசிக்கொண்டிருக்கலாம். பம்பை நம்பாத சிலர் டேங்கிலேயே டூ-ஸ்ட்ரோக் ஆயிலை அளந்து ஊற்றிவிடுகிறார்கள். பழைய ஸ்கூட்டருக்கு பங்கில் ஆயில் கலந்து போட்ட தலைமுறைக்கு இது புரியும்.

இரண்டாவது பாடம் வினோதமானது: வாசலில் நிற்கும் காரை நாலடி நகர்த்துவதற்காக ஸ்டார்ட் செய்து உடனே அணைக்கக் கூடாது. குளிர்ந்த எஞ்சின் தொடங்கும்போது பெட்ரோல் தாராளமாகப் பாயும். சூடேறுவதற்குள் அணைத்துவிட்டால் எரியாத பெட்ரோல் அறைக்குள்ளேயே தேங்கி, சீல்களின் மேல் படிந்த ஆயிலைக் கழுவிவிடும். ஆயில் போனால் அழுத்தம் போகும். அழுத்தம் போனால் எஞ்சின் மறுபடி ஸ்டார்ட் ஆகாது. இதற்கு ‘ஃபிளட்’ ஆவது என்று பெயர். பிறகு பிளக்குகளைக் கழற்றி, பெட்ரோலை நிறுத்தி, வெறுமனே சுற்றி உலர்த்தி, கொஞ்சம் ஆயில் விட்டு உயிர் கொடுக்க வேண்டும். கழற்றிய பிளக்குகளைத் திரும்ப மாட்டும்போதும் கவனம் தேவை. ஒவ்வொரு ரோட்டருக்கும் இரண்டு பிளக், இரண்டும் ஒரே ரகம் கிடையாது. வெப்பத்தைத் தாங்கும் அளவு வேறு என்பதால் இடம் மாற்றி மாட்டக் கூடாது.

மூன்றாவது, வெப்பம். பிஸ்டன் எஞ்சினில் ஒரே சிலிண்டருக்குள் குளிர்ந்த காற்றும் வரும், நெருப்பும் வரும். ரோட்டரி எஞ்சினில் காற்று வருவது எப்போதும் கூட்டின் ஒரு பக்கம். எரிவது எப்போதும் மறுபக்கம். ஒரு பக்கம் வெந்துகொண்டும் மறுபக்கம் ஆறிக்கொண்டும் இருக்கும் கூடு சீராக விரிவதில்லை. அதோடு, 13பி எஞ்சின் ஒரே வார்ப்பும் இல்லை. இரும்புத் தட்டு, அலுமினியக் கூடு, இரும்புத் தட்டு, அலுமினியக் கூடு, இரும்புத் தட்டு என்று ஐந்து அடுக்குகளை நீளமான போல்ட்டுகள் இறுக்கிப் பிடித்திருக்கின்றன. அலுமினியம் வார்ப்பிரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும் உலோகம். அடுக்குகளுக்கு இடையே கூலன்ட் கசியாமல் தடுப்பது ரப்பர் வளையங்கள். ஒரே ஒரு முறை எஞ்சின் கொதித்தால் போதும், அந்த வளையங்கள் வெந்துவிடும். மறுநாள் காலையில் ஸ்டார்ட் செய்ததும் இனிப்பு வாடையோடு வெள்ளைப் புகை வரும்.

எஃப்டியின் டாஷ்போர்டோ இதை முன்கூட்டிச் சொல்லாது. அதன் வெப்ப முள், பெரிய வரம்புக்குள் எஞ்சின் எவ்வளவு ஏறி இறங்கினாலும் நடுவிலேயே நிற்கும்படி அமைக்கப்பட்டது. முள் அசையும்போது காரியம் கெட்டிருக்கும். அதனால் அனுபவஸ்தர்கள் முதல் வேலையாக எண் காட்டும் தனி மீட்டர் ஒன்றைப் பொருத்துகிறார்கள். இரண்டாவது வேலை, கூலன்டிலிருந்து காற்றைப் பிரிக்கும் பிளாஸ்டிக் தொட்டியைத் தூக்கி எறிந்துவிட்டு அலுமினியத் தொட்டி வைப்பது. பல வருடம் வெந்த பிளாஸ்டிக், ஓர் ஓரத்தில் மயிரிழை விரிசல் விட்டு, நடு ரோட்டில் பிளந்துகொள்ளும்.

பானெட்டுக்குக் கீழே இன்னொரு தலைவலி காத்திருக்கிறது. எஃப்டியில் இரண்டு டர்போக்கள், முறை வைத்து வேலை செய்யும். குறைந்த வேகத்தில் ஒன்று மட்டும். ஏறக்குறைய 4,500 ஆர்பிஎம்மில் இரண்டாவதும் சேர்ந்துகொள்ளும். இந்த முறைமாற்றத்தை நடத்துவது கம்ப்யூட்டர் மட்டுமல்ல, விரல் தடிமன்கூட இல்லாத ஏராளமான ரப்பர் ஹோஸ்களும் சோலனாய்டு வால்வுகளும். ரசிகர்கள் அந்தப் பின்னலை ‘எலிக்கூடு’ என்கிறார்கள். டர்போவின் அனலில் பல்லாண்டு வெந்த ரப்பர் வறண்ட குச்சியாகிவிடும், தொட்டால் ஒடியும். எங்கோ ஒரு ஹோஸ் கசிந்தால் இரண்டாவது டர்போ விழிக்காது, அல்லது தவறான நேரத்தில் விழிக்கும். ஒவ்வொன்றாகத் தேடிக் கண்டுபிடிப்பதைவிட, எல்லாவற்றையும் கழற்றிவிட்டு சிலிக்கான் ஹோஸ்களை மாட்டுவதே மெக்கானிக்குகள் சொல்லும் வழி. கழற்றுவதற்கு முன் ஒவ்வொன்றுக்கும் எண் எழுதி ஒட்டாதவர் பின்னால் தவிப்பார்.

ஹோஸ் கசிவு ஓட்டத்தைத்தான் கெடுக்கும். வயதான பெட்ரோல் பம்ப் எஞ்சினையே கொன்றுவிடும். டர்போ காற்றை அழுத்தித் தள்ளும் நேரத்தில் பெட்ரோல் போதாமல் போனால் கலவை மெலியும், வெப்பம் எகிறும். பிளக் பொறி பறக்கவிட்ட நெருப்பு அடையும் முன்பே மீதிக் கலவை தானாக வெடிக்கும். இதுதான் நாக்கிங். பிஸ்டன் எஞ்சின் இதைக் கொஞ்ச நேரமாவது சகித்துக்கொள்ளும். 2 மில்லிமீட்டர் பட்டைக்கு அந்தச் சம்மட்டி அடி தாங்காது. உடைந்த துண்டு சுவரைக் கீறிவிட்டு எக்ஸாஸ்ட் வழியாகப் பறந்து டர்போவின் இலைகளையும் பதம் பார்க்கும்.

அப்போதுதான் எஞ்சினுக்கு ஒரு ஸ்டெதஸ்கோப் போன்ற கருவி தேவைப்படும். சாதாரண கம்ப்ரஷன் மீட்டரைப் பொருத்தினால், மூன்று பக்கங்களில் எது வலுவானதோ அதை மட்டும் காட்டி ஏமாற்றும். மூன்றையும் தனித்தனியாகப் பதிவு செய்யும் ரோட்டரிக்கான கருவி வேண்டும். ஸ்டார்ட்டர் எவ்வளவு வேகமாகச் சுற்றியது என்பதையும் பார்த்து, 250 ஆர்பிஎம்முக்குக் கணக்கிட்டுத்தான் எண்களை ஒப்பிடுவார்கள். ஒரு பக்கம் மட்டும் பலவீனம் என்றால் பெரும்பாலும் பக்கவாட்டு சீல் மீது சந்தேகம். அடுத்தடுத்த இரண்டு பக்கங்கள் பலவீனம் என்றால் நடுவே நிற்கும் ஏபெக்ஸ் சீல்தான் குற்றவாளி. அந்த ஒரு பட்டைதான் இரண்டு அறைகளுக்கும் பொதுச்சுவர்.

எஞ்சினைப் பிரித்ததும் மெக்கானிக் முதலில் டார்ச் அடித்துப் பார்ப்பது கூட்டின் உட்சுவரை. தேய்ந்த பிஸ்டன் எஞ்சினுக்கு வைத்தியம் எளிது: சிலிண்டரை போர் போட்டு, பெரிய பிஸ்டன் வைத்துவிடலாம். ரோட்டரியில் அது நடக்காது. அலுமினியக் கூட்டுக்குள் பதித்த எஃகுத் தகட்டின் மேல் குரோமியப் பூச்சு; அதன்மேல்தான் சீல் ஓடுகிறது. குரோமியம் செதில் செதிலாக உரிந்துவிட்டால் கடைந்தெடுக்க இடமில்லை. பெரிய அளவு ரோட்டரும் கிடையாது. கூட்டையே மாற்ற வேண்டும். ஆகவே சீல், ஸ்பிரிங், ரப்பர் வளையம் எல்லாம் சேர்ந்து பயமுறுத்தாத பட்டியல்கூட, கூடு கெட்டது என்று தெரிந்ததும் எகிறிவிடுகிறது.

பாகம் கிடைக்குமா என்பதுதான் இந்தக் கார்களின் ஆயுளைத் தீர்மானிக்கும் கேள்வி. ஜப்பானிய நிறுவனங்கள் தாமதமாகவேனும் விழித்திருக்கின்றன. முந்திக்கொண்ட ஹோண்டா மட்டும் தன் என்எஸ்எக்ஸ் கார்களைப் புதுப்பித்துத் தரும் திட்டத்தை 1993இலேயே தொடங்கியது. நிசான் 2017இல் ஸ்கைலைன் ஜிடி-ஆருக்கும், டொயோட்டா 2020இல் பழைய சுப்ராவுக்கும் நின்றுபோன பாகங்களை மறுபடி தயாரித்தன. மாஸ்டா 2017இல் எம்எக்ஸ்-5க்குத் தொடங்கிய ‘கிளாசிக் மாஸ்டா’ திட்டத்தை 2020இன் இறுதியில் இரண்டாம், மூன்றாம் தலைமுறை ஆர்எக்ஸ்-7க்கும் விரித்தது.

2012இல் ஆர்எக்ஸ்-7இன் வாரிசான ஆர்எக்ஸ்-8இன் தயாரிப்பு நின்றதும் ரோட்டரியின் கதை முடிந்தது என்று எழுதியவர்கள் உண்டு. 2023இல் எம்எக்ஸ்-30 காரில் 830 சிசி ஒற்றை ரோட்டர் எஞ்சின் மறுபடி வந்தது. சக்கரத்தைச் சுழற்ற அல்ல, பேட்டரிக்கு மின்சாரம் தயாரிக்க. அதை வடிவமைத்த பொறியாளர்கள் ஏபெக்ஸ் சீலின் தடிமனை 2 மில்லிமீட்டரிலிருந்து 2.5 மில்லிமீட்டராக உயர்த்தியிருக்கிறார்கள்.