ஓடாத வண்டியும் விற்காத சரக்கும்

கடையில் ஐந்து வருடம் அசையாமல் கிடக்கும் சரக்கை என்ன செய்வது என்ற கேள்வி நம்மில் யாரையும் விட்டதில்லை. எடைக்குப் போட்டு இடத்தைக் காலி செய்வதா, வட்டி நட்டத்தைப் பொறுத்துக்கொண்டு வைத்திருப்பதா? இதற்கு ஒரு விடை ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு வீட்டு கார் ஷெட்டில் நமக்குக் கிடைத்தது.

அந்த வீட்டுக்காரர் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் பல்லாண்டுகள் மோட்டார் உதிரிபாகக் கடை நடத்தி ஓய்வு பெற்றவர். நமக்கு அவர் எப்போதும் அண்ணாச்சிதான். நாம் போனபோது, "வாங்க தம்பி, கை கொடுக்க முடியாது, பூரா கிரீஸ்" என்று சிரித்தபடி வரவேற்றார். பக்கத்தில் அவருடைய தகப்பனார் வாங்கிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார், முன்மூடி முழுதும் முன்னோக்கிச் சாய்ந்து திறந்து நின்றது.

நம் ஊர் வண்டி

ஹெரால்டு நம் சென்னை வண்டி. 1948இல் தொடங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம், இங்கிலாந்துக் கூட்டுடன் வண்டலூர் ஆலையில் 1961 முதல் இதைத் தயாரித்தது. நான்கு சிலிண்டர், 948 சி.சி. இன்ஜின். நாலு கதவு ஹெரால்டு இந்தியாவில் மட்டுமே வந்தது. செம்பியத்தில் பிஸ்டனும் பாடியில் மின்சாதனங்களும் தயாராக, நம் நகரின் உதிரிபாக வியாபாரமும் கூடவே வளர்ந்தது. 1980களின் இறுதியில் ஸ்டாண்டர்டு ஆலையில் கார் உற்பத்தி நின்றது. வண்டிகள் மிஞ்சின, பாகங்கள் அருகின.

இறுகிப்போன இன்ஜின்

2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளத்தின்போது ஷெட்டுக்குள் தண்ணீர் புகுந்தது. இன்ஜின் இறுகிவிட்டது. குளிர் நாடுகளில் இந்த வேலை செய்பவர்களுக்குக் கை விறைக்கும் தொல்லை. நமக்கு எதிரி கடற்காற்றின் உப்பும் மழைக்காலத்து ஈரமும். திறந்து வைத்த இரும்பில் இரண்டே நாளில் துரு பூக்கும். ஆகவே கழற்றிய ஒவ்வொன்றையும் அண்ணாச்சி மண்ணெண்ணெயில் கழுவி, எண்ணெய் தடவி, சீட்டு கட்டி வைத்திருந்தார்.

இறுகிய இன்ஜினைக் கயிறு கட்டி இழுத்து ஓட்டப் பார்ப்பது பெருந்தவறு என்றார். பிஸ்டனோ கனெக்டிங் ராடோ போய்விடும். பிளக்குகளைக் கழற்றி, அந்த ஓட்டை வழியே டீசலும் எண்ணெயும் கலந்து ஊற்றி, பத்து நாள் ஊறவிட்டார். பிறகு முன் புல்லியில் ஸ்பேனர் போட்டு, இப்படிக் கொஞ்சம் அப்படிக் கொஞ்சம் அசைத்தார். பன்னிரண்டாம் நாள் கிராங்க் சுற்றியது.

பிரித்துப் பார்த்ததில் சிலிண்டரில் துருப்பள்ளம், கிராங்க்கில் கீறல். கிராங்க் முன்பின் நகராமல் தாங்கும் அரைவட்ட வாஷர்களும் தேய்ந்திருந்தன. இந்த இன்ஜினின் பலவீனமே அந்த வாஷர்தான். அது கழன்று விழுந்தால் கிராங்க்கும் பிளாக்கும் பாழ்.

"வேறு டீசல் இன்ஜினை மாட்டிவிடலாம், ஒரு வாரத்தில் வேலை முடியும்" என்றுதான் எல்லோரும் சொன்னார்களாம். அண்ணாச்சி சம்மதிக்கவில்லை. அதற்கு ஒரு சட்டக் காரணமும் உண்டு. 50 ஆண்டு கடந்த, வணிகத்தில் ஈடுபடாத வண்டிகளைப் பழம்பெரும் வண்டியாகப் பதிய மத்திய அரசு 2021இல் விதி கொண்டுவந்தது. சேசிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் கூடாது என்பது அதன் நிபந்தனை. இன்ஜினை மாற்றினால் அந்தத் தகுதி போய்விடும்.

எடைக்குப் போன பெட்டிகள்

போரிங் செய்ய லேத் பட்டறை கிடைத்தது. பேரிங்தான் கிடைக்கவில்லை. கிராங்க்கை 10 தௌ தேய்ப்பதா, 20 தௌ தேய்ப்பதா என்பது கிடைக்கும் பேரிங் அளவைப் பொறுத்தது. பேரிங் கைக்கு வருமுன் கிராங்க்கைத் தேய்க்கக் கொடுத்துவிட்டு விழித்தவர்கள் பலர். அண்ணாச்சி புதுப்பேட்டை முழுதும் நடந்தார். இல்லை என்ற பதிலே வந்தது.

இந்த இடத்தில் அவர் குரல் தாழ்ந்தது. "தம்பி, கடையை மூடுறப்ப இந்த பேரிங் மட்டும் பதினாலு செட் இருந்துச்சு. ரிங், வாஷர் எல்லாம் சேர்த்து பழைய இரும்புக்காரருக்கு எடைக்குப் போட்டேன். ஆயிரம் ரூபாய்கூட வரலை. இன்னிக்கு அதையே தேடி அலையறேன்."

கடைசியில் பேரிங் கிடைத்தது தென் மாவட்டத்துச் சிறு ஊர்க் கடை ஒன்றில். தகப்பனார் காலத்துச் சரக்கை மகன் எறியாமல், எண்ணெய்க் காகிதம் பிரியாமல், பாக எண் எழுதி அடுக்கி வைத்திருந்தார். பெட்டியில் இருந்த விலை அந்தக் காலத்து விலை. "அந்த விலைக்கு என்னால் தர முடியாது, உங்கள் தேவையைப் பார்த்து இஷ்டத்துக்குக் கேட்கவும் மனசில்லை" என்றாராம். இருவரும் பேசி, இன்றைய வண்டிக்கான நல்ல பேரிங் செட் என்ன விலையோ அதையும், இத்தனை ஆண்டு காத்த கூலியாகப் பாதியையும் சேர்த்து முடித்தார்கள். வாங்கியவருக்கும் குறையில்லை, விற்றவருக்கும் நட்டமில்லை.

நாம் செய்யத்தக்கது

எல்லாச் சரக்கையும் கட்டிக்காக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. ரப்பர் ஹோஸ், பம்ப் டயாபிரம், கார்க் கேஸ்கட் போன்றவை காலத்தில் கெடும். எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோலுக்குப் பழைய ரப்பர் தாங்காது. அவற்றைத் தயங்காமல் கழித்துவிடலாம். பேரிங், வால்வு, ரிங், பல்சக்கரம் போன்ற உலோகப் பாகங்கள் எண்ணெய்க் காகிதத்தில் இருந்தால் பல்லாண்டு கெடாது. அவற்றைப் பாக எண், அளவு, எண்ணிக்கையுடன் ஒரு நோட்டில் எழுதுங்கள். எடைக்குப் போடுமுன் அந்தப் பட்டியலைச் சங்கத்துக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். உங்கள் அலமாரியில் தூசி படிந்த பெட்டியைத் தேடி இன்னொரு ஊரில் ஒருவர் அலைந்துகொண்டிருக்கலாம்.

சென்ற வாரம் மறுபடி போயிருந்தோம். வால்வு இடைவெளியை 10 தௌ வைத்து, பிளக் இல்லாமல் சுற்றி எண்ணெய் அழுத்தம் பார்த்துவிட்டு, அண்ணாச்சி சாவியைத் திருப்பினார். நாலாவது முயற்சியில் இன்ஜின் பிடித்தது. புகை அடங்கியதும் அவர் காரைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. "அந்தத் தம்பிக்கு ஒரு போன் போட்டுச் சொல்லணும்" என்றார்.