டிவிடி டிரைவ் மறைவது ஏன்?

விண்டோஸ் 7-லிருந்து 10-க்கு உயர்த்திய மடிக்கணினியில் டிவிடி டிரைவ் திடீரென அதிருசியமாகிவிடின், யந்திரம் பழுதுற்றதென்று அதைக் கழற்ற முற்படுவது அவசரபுத்தி; பயாஸ் பட்டியலில் அதன் நாமம் காணப்படுமானால், தோஷம் பெரும்பாலும் மென்பொருளில்தான். தகடு பதியும் பழைய மென்பொருள்கள், டிரைவுக்கும் விண்டோஸுக்கும் இடையே தம் வடிகட்டி நிரல்களை நிறுத்தி, அவற்றின் பெயர்களை ரெஜிஸ்ட்ரியில் ‘அப்பர்ஃபில்டர்ஸ்’, ‘லோயர்ஃபில்டர்ஸ்’ என்னும் இரு பதிவுகளில் எழுதிவைக்கின்றன. உயர்த்தலில் நிரல் அழிந்து பெயர் மட்டும் எஞ்சுமாயின், அந்நிரலைத் தேடிக் காணாத விண்டோஸ், விநோதமான கண்டிப்புடன், சாதனம் முழுவதையுமே தொடங்க மறுத்து, டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறியும் 39 போன்றதொரு பிழையெண்ணும் காட்டிவிடுகிறது. ரெஜிஸ்ட்ரிக்குப் பிரதி எடுத்துக்கொண்டு, டிவிடி டிரைவ் வகுப்பின்கீழுள்ள அவ்விரு பதிவுகளையும் (பிற வகுப்புகளிலும் இதே பெயர்கள் உண்டு, அவற்றைத் தீண்டலாகாது) நீக்கிக் கணினியை மீண்டும் தொடக்கினால், டிரைவ் பெரும்பாலும் தோன்றிவிடும், தகடு பதியும் மென்பொருளை மட்டும் மறுபடி நிறுவ நேரலாம்.