முகாமுக்கு முந்தைய நாள்: வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குள் ஒரு எட்டு!

வெள்ளிக்கிழமை வேலைவாய்ப்பு முகாமைப் பார்த்தவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். வியாழக்கிழமை சாயங்காலத்தைப் பார்த்திருக்கிறீர்களா? விஷயமே அங்கேதான் இருக்கிறது! ‘மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம்’ என்று நீளமாகப் பெயர் கொண்ட அலுவலகம் காஞ்சிபுரம் ஆட்சியர் அலுவலக வளாகத்தில் இருக்கிறது. முகாமுக்கு முதல் நாள் இப்படி ஓர் அலுவலகத்துக்குள் எட்டிப் பார்த்தால், கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி மண்டபத்துக்குள் நுழைந்த மாதிரிதான். எந்தக் கம்பெனிக்கு எந்த மேசை, நாற்காலி எத்தனை குறைகிறது, வருகைப் பதிவேடு எங்கே, மாற்றுத்திறனாளிகள் ஏறி வரச் சாய்தளப் பக்கம் காலியாக இருக்கிறதா என்று ஆளாளுக்குப் பறக்கிறார்கள். கூடவே போன் மணி, போன் மணி, போன் மணி!

அந்தப் போனில் என்னதான் பேசுகிறார்கள்? காதைக் கொடுத்தால் நமக்கும் பரபரப்பு தொற்றிக்கொள்ளும். மறுமுனையில் ஒரகடத்திலோ ஸ்ரீபெரும்புதூரிலோ ஓர் எச்.ஆர். அதிகாரி. “எத்தனை பேர் வேணும் சார்? பத்தாவது போதுமா, ஐ.டி.ஐ. முடிச்சிருக்கணுமா? பிட்டரா, எலக்ட்ரீசியனா? ஷிஃப்ட் உண்டா? கம்பெனி பஸ் எந்த ரூட்ல வருது? பிடித்தம் போகக் கையில எவ்வளவு?” இந்தக் கேள்விகளுக்கு வரும் பதில்கள்தான் மறுநாள் சுவரில் ஒட்டும் காலிப்பணியிடப் பட்டியல். வரிசையில் நிற்கும் பிள்ளை அதை அரை நிமிடத்தில் படித்துவிட்டு நகர்ந்துவிடும். அதன் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஒருவர் இரண்டு மூன்று தடவை போன் போட்டிருப்பார். எனக்கு இந்த அலுவலகங்கள் மேல் பிரியம் வந்தது அந்தப் பட்டியலால்தான்.

இந்த மாவட்டத்தில் கேட்டால் காலியிடம் கிடைக்கும் என்பது இன்னொரு சந்தோஷம். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-லேயே கார் தயாரிக்கத் தொடங்கிவிட்டது. 2007-ல் ஸ்ரீபெரும்புதூருக்கு சாம்சங், 2010-ல் ஒரகடத்துக்கு ரெனோ-நிசான் என்று வரிசையாக வந்தார்கள். ராயல் என்ஃபீல்டு ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் புல்லட் செய்கிறது. அதே வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் குடியிருப்பு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. ஒரே வளாகத்தில் பதினெட்டாயிரம் பேர்! நம் பக்கத்துப் பல கிராமங்களின் ஜனத்தொகையைக் கூட்டினாலும் அந்த எண்ணிக்கை வராது.

இப்போது இதே மாவட்டத்துக் கூரம் கிராமத்துக்கு ஒரு எட்டு போய்விட்டு வருவோம். வேலைக் கதைக்கு அங்கே ஒரு பழைய சாட்சி இருக்கிறது.

ராமானுஜரின் சீடர் கூரத்தாழ்வான் பிறந்த ஊர் என்று எல்லோருக்கும் தெரியும். அந்த ஊரில் கிடைத்த செப்பேட்டைப் பற்றி ஊர்ப் பிள்ளைகளுக்கு யாராவது சொல்லியிருக்கிறார்களா? ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட முதலாம் பரமேசுவரவர்மப் பல்லவனின் செப்பேடு அது. பரமேசுவரமங்கலம் என்ற ஊரை 25 பங்காகப் பிரித்து, எந்தப் பங்கு யாருக்கு என்று அதில் எழுதிவைத்திருக்கிறார்கள். கோயில் வழிபாட்டுக்கும் பழுதுபார்ப்புக்கும் பங்கு. மண்டபத்துக்குத் தண்ணீரும் நெருப்பும் தருவதற்கு ஒரு பங்கு. அங்கே பாரதம் வாசிப்பதற்கு ஒரு பங்கு! வேலை இன்னது, அதற்கு வருமானம் இன்னது என்று செம்பில் வெட்டிக் கொடுத்துவிட்டார்கள். எனக்கு அதைப் படிக்கும்போதெல்லாம் நியமன ஆணையைப் படிக்கிற குதூகலம் வரும். இந்த மண்ணில் வேலையும் கூலியும் எழுத்தில் இருந்தது ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முன்பே!

உத்திரமேரூர் இன்னும் ஒரு படி மேலே. பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டிய கல்வெட்டுகளில் ஊர் வாரியங்களுக்கு ஆள் எடுக்கும் விதி முழுதும் இருக்கிறது. வயது 35-க்கு மேல், 70-க்குக் கீழ். வரி கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதப் படிப்பு வேண்டும். கடந்த மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் வர முடியாது. கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய உறவினர்களும் வெளியே. எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டுக் குலுக்கி, ஒரு சிறுவனைவிட்டு எடுக்கச் சொல்வார்கள். வயது வரம்பு, கல்வித் தகுதி, தகுதிநீக்கம், தேர்வு முறை என்று இன்றைய அறிவிக்கையில் இருக்கும் தலைப்புகள் அத்தனையும் அந்தக் கல்வெட்டுகளிலேயே இருக்கின்றன. ஆனால் அந்தக் குடத்துக்குள் எல்லார் பெயரும் விழவில்லை. நிலமில்லாதவர் பெயர் இல்லை, பெண்கள் பெயர் இல்லை, வேதம் படிக்க விடப்படாதவர் பெயர் இல்லை. இன்று வெள்ளிக்கிழமை வரிசையில் எட்டாம் வகுப்போடு நின்றவரும் நிற்கிறார், எம்.எஸ்சி. முடித்தவரும் நிற்கிறார். யார் வீட்டுப் பெண் என்று யாரும் கேட்பதில்லை. எனக்கு இந்த வரிசைதான் பெரிதாகத் தெரிகிறது.

வெள்ளிக்கிழமைக்கு வந்துவிட்டோம்! காலை பத்து மணிக்கு முகாம் என்றால் ஒன்பதுக்கே ஜெராக்ஸ் கடையில் கூட்டம். ஆதார் நகல், மதிப்பெண் சான்றிதழ் நகல், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, பயோடேட்டா. உள்ளே நுழைந்ததும் பெயர்ப் பதிவு. அடுத்து, படிப்பைக் கேட்டு, “நீங்க அந்த மூணாவது டேபிளுக்கும் போங்க, ஏழாவதுக்கும் போங்க” என்று வழி காட்டுபவர் ஒருவர். இவரைக் கவனியுங்கள். முகாமின் உயிரே இவர்தான். பி.காம். முடித்த பெண் கூச்சத்தில் எல்லா மேசையையும் தாண்டிப் போய் ஓரமாக நின்றால், அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, “டேலி தெரியுமாம்மா?” என்று கேட்டு, சரியான மேசைக்கு அனுப்புகிற ஆள் இவர்.

மேசையில் நேர்காணல் ரொம்ப நேரம் நடப்பதில்லை. பல இடங்களில் பத்து நிமிடம்கூட ஆகாது. அந்தப் பத்து நிமிடத்தில் நீங்களும் கேள்வி கேட்கலாம், கேட்க வேண்டும். இதைச் சொல்லாமல் நான் நகர மாட்டேன். கம்பெனியே நேரடியாக எடுக்கிறதா, இடையில் கான்ட்ராக்டர் இருக்கிறாரா? பயிற்சிக் காலம் எத்தனை மாதம், அதற்குப் பின் என்ன? பி.எஃப். பிடிக்கிறார்களா? சம்பளம் மாதம் 21,000 ரூபாய்க்குள் என்றால் ஈ.எஸ்.ஐ. வரம்புக்குள் வருகிறீர்கள், அட்டை எப்போது கிடைக்கும்? இரவு ஷிஃப்ட் முடிந்தால் வீட்டுக்கு அருகில் கொண்டுவந்து விடுவார்களா? ஊர்ப் பிள்ளைகள் இதையெல்லாம் கேட்டால் வேலை தர மாட்டார்களோ என்று பயப்படுகிறார்கள். பயமே வேண்டாம். நல்ல நிறுவனம் இதற்கு ஒரே மூச்சில் பதில் சொல்லும். மழுப்பினால் பக்கத்து மேசைக்குப் போய்விடுங்கள்!

இன்னொரு பயமும் உண்டு. “பிரைவேட்ல சேர்ந்தா என் எம்ப்ளாய்மென்ட் பதிவு போயிடுமே!” முகாம் நோக்கிக் கிளம்பிய எத்தனையோ பேரைப் பாதி வழியில் திருப்பிவிட்டது இந்த ஒரு நினைப்பு. போகவே போகாது. தனியார் வேலை கிடைப்பதால் வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு ரத்தாகாது என்று முகாமின் செய்திக்குறிப்பிலேயே தவறாமல் போடுகிறார்கள். அந்த வரியைத் தெரு முனையில் தண்டோரா போட்டுச் சொல்ல வேண்டும்.

அந்தப் பதிவின் கதையும் சுவாரஸ்யமானதுதான். இரண்டாம் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பிய சிப்பாய்களுக்கு வேலை தேடிக் கொடுக்க 1945-ல் தொடங்கியவை இந்த அலுவலகங்கள். 1948-ல் எல்லாருக்கும் திறந்துவிட்டார்கள். 1956 நவம்பரில் மாநிலங்கள் கைக்கு வந்தன. 1959-ல் வந்த சட்டம், காலியிடங்களை அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று கட்டாயமாக்கியது. அந்த நாளில் பதிவு அட்டை வைத்திருந்தாலே ‘இன்டர்வியூ கார்டு வந்துவிடும்’ என்று வீட்டில் நம்பிக்கை. 1996-ல் உச்ச நீதிமன்றம், அலுவலகப் பட்டியலோடு நிற்காமல் பத்திரிகை வழியாகவும் அறிவித்து ஆள் எடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அதன்பின் பதிவு மூப்பை மட்டும் நம்பிக் காத்திருப்பது சரிப்படவில்லை. அப்பாக்களும் அம்மாக்களும் இதைப் புரிந்துகொண்டால் பிள்ளைகளின் இரண்டு மூன்று வருடம் மிச்சமாகும்.

அதற்காகப் பதிவை விட்டுவிடாதீர்கள். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், வீட்டிலிருந்தே இணையத்தில் செய்யலாம். பதிந்து ஐந்தாண்டு ஆகியும் வேலை கிடைக்காத, குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கு மிகாதவர்களுக்கு மாத உதவித்தொகையும் உண்டு. பத்தாம் வகுப்பில் தவறியவருக்கு 200, தேறியவருக்கு 300, பிளஸ் டூவுக்கு 400, பட்டதாரிக்கு 600 என்று மூன்றாண்டு கிடைக்கும். இந்தத் தொகை இன்றைய விலைவாசிக்குப் போதவே போதாது. உயர்த்தித்தான் ஆக வேண்டும்.

நான் மிகவும் ரசிக்கும் மூலை இன்னும் வரவில்லை! மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களில் ‘தன்னார்வப் பயிலும் வட்டம்’ என்று ஒன்று நடக்கிறது. டி.என்.பி.எஸ்.சி., காவலர் தேர்வு, வங்கித் தேர்வு என்று கட்டணமில்லாத வகுப்புகள், மாதிரித் தேர்வுகள், புத்தகங்கள். நகரத்துக் கோச்சிங் சென்டரில் ஆயிரக்கணக்கில் பணம் கட்ட முடியாத பிள்ளைகளின் இடம் இது. வெளியே முகாம் இரைச்சல், உள்ளே ஒரு பெஞ்சில் நாலு பேர் பழைய வினாத்தாளை வைத்துக்கொண்டு சதவீதக் கணக்கில் சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள். ஆஹா, என்ன அழகான சண்டை!

பயிற்சி என்றதும் ஒரகடம் நினைவுக்கு வருகிறது. தமிழகத்தின் 71 அரசு ஐ.டி.ஐ.க்களை டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து ‘தொழில் 4.0’ தரத்துக்கு உயர்த்தும் திட்டத்தில், முதலில் முடிந்த 22 மையங்களின் திறப்பு விழா 2023 ஜூலையில் ஒரகடம் அரசு ஐ.டி.ஐ.யில்தான் நடந்தது. கையால் அரம் போட்டுப் பழகிய இடத்தில் இப்போது ரோபோ கை, சி.என்.சி. இயந்திரம்! அரசு ஐ.டி.ஐ.யில் படிக்கும்போதே மாதம் 750 ரூபாய் உதவித்தொகை. அரசுப் பள்ளியில் படித்து வந்தவர்களுக்குப் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களில் மாதம் ஆயிரம் ரூபாய். சைக்கிள், பஸ் பாஸ், சீருடையும் கொடுக்கிறார்கள். மகள் ‘டர்னர்’ படிக்கப் போகிறேன் என்றால், தயவுசெய்து தடுக்காதீர்கள்.

யாரிடமும் வேலை கேட்க வேண்டாம், சொந்தமாகத் தொழில் செய்யலாம் என்று நினைப்பவர்களுக்கு வேறு கதவு இருக்கிறது. கர்நாடகத்தின் உஜிரேவில் 1982-ல், தர்மஸ்தலா வீரேந்திர ஹெக்டேயின் முயற்சியில் வங்கிகளோடு சேர்ந்து ஒரு சின்னப் பயிற்சி நிலையம் ஆரம்பித்தார்கள். அதைப் பார்த்துத்தான் நாடு முழுக்க மாவட்டத்துக்கு ஒன்றாக ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்கள் வந்தன. காஞ்சிபுரத்தில் நடத்துவது இந்தியன் வங்கி. தையல், அழகுக்கலை, செல்போன் பழுதுபார்ப்பு, கறவை மாடு வளர்ப்பு என்று சில நாள் முதல் ஒன்றரை மாதம் வரை வகுப்புகள். சேர 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். கட்டணம் கிடையாது, சாப்பாடும் அவர்களே போடுகிறார்கள். சான்றிதழைக் கொடுத்தோம், முடிந்தது என்று விடுவதில்லை. இரண்டு ஆண்டு வரை உங்களைத் தொடர்ந்து விசாரிப்பார்கள்: கடை திறந்தீர்களா, வங்கிக் கடன் கிடைத்ததா, எங்கே சிக்கல் என்று. இந்த விசாரிப்புதான் திட்டத்தின் முதுகெலும்பு. கையில் தொழில் இருந்தும் தைரியம் இல்லாமல் நின்றுபோன பெண்கள் நம் ஊர்களில் எத்தனை பேர்!

இவ்வளவும் இருந்தும், வேலை வாங்கித் தருகிறேன் என்று சொல்பவரிடம் நகையை அடகு வைத்துப் பணம் கொடுக்கும் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. என் ஆதங்கமெல்லாம் அதில்தான். முகாமுக்குக் கட்டணம் இல்லை. பதிவுக்குக் கட்டணம் இல்லை. பயிலும் வட்டத்துக்கும் இல்லை. அரசு வேலைக்கோ கம்பெனி வேலைக்கோ யாராவது முன்பணம் கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள், ஆட்சியர் அலுவலகத்திலோ காவல் நிலையத்திலோ சொல்லுங்கள்.

கூரத்துப் பிள்ளைகளே, உத்திரமேரூர்ப் பிள்ளைகளே, பொதுவாக இந்த முகாம்கள் மாதம் தவறாமல் ஒரு வெள்ளிக்கிழமை நடக்கும். எந்த வெள்ளி என்று நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் வரும், அலுவலகத்துக்குப் போன் போட்டும் கேட்கலாம். தமிழ்நாடு தனியார் துறை வேலை இணையதளத்தில் முன்கூட்டியே பெயரைப் பதிந்துவிடுங்கள். சான்றிதழ் நகல் ஐந்து செட், போட்டோ ஐந்து, பேனா ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். பத்து மணிக்குள் வந்துவிடுங்கள். தனியாக வரத் தயக்கமென்றால் தெருவில் வேலை தேடும் இன்னும் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.