ஸ்டார்ட்டர் மோட்டாரில் எண்ணெய்க் கசிவு

பெரியதாழை முதலிய கடற்கரைக் கிராமங்களில் பழைய மோட்டார் வண்டி வைத்திருப்போர் அறியவேண்டிய விஷயம் ஒன்றுண்டு. 2014ஆம் ஆண்டோடு உற்பத்தி நின்றுபோன அம்பாசிடர் போன்ற வண்டிகளில், ஸ்டார்ட்டர் மோட்டாரின்மேல் எண்ணெய் படிந்திருக்கக் கண்டதும், மோட்டாரே பழுதென்றெண்ணிப் புதிது வாங்குவோர் பலர். இது வீண் செலவாகும். அம்மோட்டாரினுள் என்ஜின் எண்ணெய் கிடையாது; கசிவு பிறிதோரிடத்தினின்றே வருகிறது.

அவ்விடத்தைக் கண்டறியும் முறையாவது: என்ஜின் ஆறியபின் பாட்டரியின் நெகடிவ் கம்பியைக் கழற்றிவிட்டு, எண்ணெய் படிந்த பாகங்களை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து நன்றாய் உலர்த்துக. பின்னர்ச் சுண்ணக்கட்டிப் பொடி தூவி, கம்பியை மாட்டி, என்ஜினைப் பத்து நிமிஷம் ஓட்டி நிறுத்துக. எண்ணெய் மேலிருந்து கீழே வழிவதாதலால், நனைந்த இடங்களுள் மிக உயர்ந்ததே பெரும்பாலும் கசியுமிடமாம்.

வால்வு மூடியினடியிலாயின், பழைய கார்க் பாக்கிங்கைச் சுரண்டியெடுத்துப் புதியது வைத்துத் திருகுகளைச் சமமாக முடுக்குக. மிகையாய் முடுக்கினால் பாக்கிங் பிதுங்கிக் கசிவு அதிகரிக்கும். எண்ணெய் வடிகட்டியாயின் அதன் ரப்பர் வளையத்தை மாற்றுக. கிளட்ச் கூட்டினடியில் சொட்டினால் பின்புற ஆயில் சீல் பழுதாயிருக்கலாம். அதற்கு கியர் பெட்டியை இறக்கவேண்டுமாதலால் தொழிற்சாலையே உசிதம்.

அசட்டையாய் விட்டால், எண்ணெயோடு தேரிச் செம்மணல் கலந்து பல்சக்கரத்தைத் தடுக்கும். கார்பன் பிரஷ்கள் கெட்டு, அவசரவேளையில் வண்டி கிளம்பாது. எண்ணெயளவு குறைந்தால் என்ஜினுக்கே சேதமாதலின், அதனை அடிக்கடி பார்த்துவருக. கழிவெண்ணெயைக் கிணற்றருகே கொட்டலாகாது.