லைசோசோமை நகர்த்தும் மரபணு

2020 ஜனவரி 30-இல் இந்தியாவின் முதல் கோவிட் தொற்று கேரளத்தில் உறுதியானது. அந்த நோயாளியின் தொண்டை மாதிரியிலிருந்துதான் புனேயின் தேசிய வைராலஜி நிறுவனம் கொரோனா வைரஸை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படம்பிடித்தது. குறுக்களவு 75 நானோமீட்டர். செல்லுக்குள் பெருகும் இந்த வைரஸ் எப்படி வெளியே வருகிறது? அதே ஆண்டு அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் ஆய்வு சொன்ன விடை விசித்திரமானது: லைசோசோமில் ஏறி வருகிறது. தன்னைச் செரித்துவிடக்கூடிய அந்த அமிலப் பையின் அமிலத்தைக் குறைத்துவிட்டு, அதையே வாகனமாக்கிக்கொள்கிறது.

1955-இல் கிறிஸ்டியான் டி டூவ் கண்டறிந்த லைசோசோமைப் பாடநூல்கள் செல்லின் குப்பைத்தொட்டி என்கின்றன. ஓடிக்கொண்டே இருக்கும் குப்பை வண்டி என்றால்தான் பொருந்தும். அதை ஓட்டுவது ஏஆர்எல்8பி என்ற மரபணு. இது தரும் புரதம் 186 அமினோ அமிலங்கள் மட்டுமே கொண்டது. லைசோசோமின் மேல் ஒட்டிக்கொண்டு, ஸ்கிப் என்ற இன்னொரு புரதத்தின் மூலம் கைனசின் என்ற மோட்டார் புரதத்தைப் பிடிக்கும்; அந்த மோட்டார், செல்லுக்குள் தண்டவாளம்போல் ஓடும் நுண்குழல்கள் வழியே லைசோசோமைச் செல்லின் ஓரத்துக்கு இழுத்துச் செல்லும். வெளியே தள்ளுவது மட்டும்தான் இதன் வேலை என்றே நினைத்திருந்தார்கள். 2022-இல் மொஹாலியின் இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்தில் (ஐசர்) மஹக் சர்மாவின் குழு, ரூஃபி3 என்ற புரதத்தைத் துணைக்கொண்டு இதே ஏஆர்எல்8பி லைசோசோமை உட்கருப் பக்கமும் இழுக்கிறது என்று காட்டியது.

லைசோசோம் எந்த இடத்தில் நிற்கிறது என்பதில் என்ன இருக்கிறது? நிறைய இருக்கிறது. செல் பட்டினி கிடந்தால் லைசோசோம்கள் நடுவில் கூடி, பழைய பாகங்களைச் செரித்து உணவாக்குகின்றன; ஊட்டம் கிடைத்ததும் ஓரத்துக்குப் போய் வளர்ச்சிக்கான சமிக்ஞைக்குத் துணைநிற்கின்றன. புற்றுச் செல்லிலோ ஓரத்துக்கு வந்தவை செரிமான நொதிகளை வெளியே கொட்டி, சுற்றியுள்ள திசுவை அரித்து வழி உண்டாக்குகின்றன. புராஸ்டேட் புற்றுச் செல்களில் ஏஆர்எல்8பியைக் குறைத்தபோது அந்த ஊடுருவல் தளர்ந்தது. சால்மோனெல்லா கிருமியும் ஸ்கிப்பை வளைத்துப்போட்டுத்தான் செல்லுக்குள் குடியிருக்கிறது. ஸ்கிப்பின் மரபணு பழுதான ஒரு குடும்பத்தில் இதயத்தசையே நலிந்திருந்ததை 2015-இல் பதிவு செய்தார்கள்.

அப்படியானால் ஏஆர்எல்8பியை முடக்கும் மருந்து செய்யலாமே என்று தோன்றும். அவசரப்படக் கூடாது. வைரஸ் தொற்றிய செல்களையும் புற்றுச் செல்களையும் கொல்லும் நம் இயற்கைக் கொல்லிச் செல்கள், தங்கள் நச்சுத் துகள்களை இலக்கின் பக்கம் நகர்த்த நம்பியிருப்பதும் இதே மரபணுவைத்தான்.